கணக்கப்பிள்ளையும் எடைக்கல் கட்டிய சாவியும்

பாமசிக் கவுன்டருக்குப் பின்னால் மருந்து கொடுக்கப் புதிதாக நிற்கத் தொடங்கியிருக்கும் தம்பிமார், தங்கைமார் எல்லோருக்கும் வணக்கம். உங்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரே பாமசியில் நின்று தலை நரைத்தவன் நான். அவ்வளவு காலமும் நான் சொல்லி வந்த ஒரே வாசகம் "சாப்பாட்டுக்குப் பிறகு" என்பதுதான். வேறு ஏதாவது சொன்னேனா என்று மனைவியிடம் விசாரித்தேன். அவளுக்கும் ஞாபகமில்லையாம்.

நீங்கள் இதயம், ஈரல், சிறுநீரகம் எல்லாம் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் கவுன்டரில் உங்களைத் தேடி வரப்போவது வயிறு. வயதானவருக்கு எந்த உறுப்புக்காகக் குளிசை கொடுத்தாலும் அது முதலில் போய் இறங்குவது வயிற்றில். இறங்கிய இடத்தில் அது சும்மா இருப்பதில்லை. மூட்டுவலிக் குளிசை புண்ணாக்கும், இரும்புச்சத்துக் குளிசை அடைக்கும், சீனி வியாதிக் குளிசை திறந்துவிடும். இதெல்லாம் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளிலேயே இருக்கிறது.

தாளில் இல்லாதது ஒன்று உண்டு. நெஞ்சுவலி என்றால் நம் ஆட்கள் கடை முழுக்கக் கேட்கச் சொல்வார்கள். வயிறு என்றால் கடை காலியாகும்வரை காத்திருப்பார்கள். தலையில் ஒரு முடிகூட இல்லாத பெரியவர் ஷாம்பு போத்தலை எடுத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஊன்றி வாசித்துக்கொண்டு நின்றால் அவருக்கு வயிறு சரியில்லை. இது எந்தப் பரீட்சையிலும் வராது. எழுதிக்கொள்ளுங்கள்.

இனி அந்தச் சாவி. எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு கக்கூஸ் இருந்தது. அதன் சாவி, இன்சுலின் வைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். ஒருமுறை யாரோ அதைப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த யாரோ நான்தான். மறுநாளே முதலாளி பழைய தராசின் இரும்பு எடைக்கல் ஒன்றைத் தேடி எடுத்து, சாவியோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து யார் சாவியை எடுத்தாலும் கல் கண்ணாடி அலுமாரியில் இடித்து 'டங்' என்று சத்தம் போடும். கடையில் நிற்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவசரத்தில் போகிறவருக்குக் கோயில் மணி அடித்து அனுப்புவது போல.

ராமையா கணக்கப்பிள்ளை அந்தக் கல்லை மாதாமாதம் பார்த்திருக்கிறார். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிற ஆட்களை மேய்த்து, பெயர் போட்டு, ஓய்வு பெற்றவர். முதுகு வளையாத மனிதர். வெயிலோ மழையோ கையில் குடை தொங்கும். மாதம் ஒருமுறை கண்டி ஆஸ்பத்திரிக்குச் சீனி கிளினிக்குக்கு வருவார். அங்கே இல்லாத மருந்தை எங்களிடம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்.

"மருந்து ஒத்துக்குதுங்களா ஐயா?" என்று கேட்பேன்.

"அதெல்லாம் ஒத்துக்கும்" என்பார், ஏதோ மருந்தைக் கண்டித்து வைத்திருப்பவரைப் போல.

ஆனால் மாதத்துக்கு மாதம் அவருடைய சீனிக் குளிசையான மெட்போர்மினின் அளவு கூடிக்கொண்டே போனது. சீனி இறங்கவில்லை. அடுத்தது இன்சுலின் ஊசிதான் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். வீட்டில் ரகசியமாக லட்டு சாப்பிடுகிறார் போல என்று நான் நினைத்தேன். பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தாத்தாவாக இருக்கக்கூடிய ஒருவரை மனதுக்குள் லட்டுத் திருடனாக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அவருக்கு உண்மையில் ஒரே பேத்தி. பெயர் சுகந்தி. அப்பா இல்லாத பிள்ளை. தாத்தாதான் வளர்த்தார். கண்டி டவுனில் ஒரு புடைவைக் கடையில் வேலை. அவளுக்கு மாப்பிள்ளை அமைந்தது எங்கள் மஹய்யாவவில், எங்கள் தெருவிலேயே, சண்முகண்ணனின் மகன். சண்முகண்ணன் மாநகர சபையில் எழுத்து வேலை பார்க்கிற லிகிதராக இருந்தவர். அவருடைய அப்பா அதே சபையில் துப்புரவுத் தொழிலாளி. என் அப்பாவும்தான், மஹய்யாவவில் பாதிப் பேருடைய அப்பாக்களும்தான். இதை ஏன் சொல்கிறேன் என்பது இப்போது தெரியும்.

நிச்சயதார்த்தத்துக்குக் கணக்கப்பிள்ளை மஹய்யாவவுக்கு வந்தார். சண்முகண்ணன் வீட்டில் கதிரை போட்டார்கள், உட்கார்ந்தார். தேத்தண்ணி வந்தது, தொடவில்லை. வடை வந்தது, தொடவில்லை. தண்ணியாவது குடியுங்கள் என்றார்கள். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கையில் இருந்த குடையைக் கீழே வைக்கவுமில்லை. தட்டு மாற்றியவுடன் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார். பிறகு சுகந்தியிடம், "கல்யாணத்துக்கு நான் வரல, நீங்களே நடத்திக்குங்க" என்று சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை.

சண்முகண்ணன் பிரஷர் குளிசை வாங்க வந்தபோது கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"செல்வம், என் வீட்டுத் தண்ணிய அந்தாளு குடிக்கலடா."

"பாத்தேன்ணே."

"எங்கப்பா கூட்டுன டவுன்லதான் அவரு செருப்பு போட்டு நடக்குறாரு. அந்தப் புள்ள நல்ல புள்ள. ஆனா தாரை வார்க்க அவரு வந்து ஒக்காரணும். வரலன்னா இந்தக் கல்யாணம் இல்ல. இத நான் கோவத்துல சொல்லல."

கோபத்தில் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் சொன்னது எனக்கும் உறைத்தது. சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்காத விருந்தாளிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த முகத்தை எங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் சுகந்தி தாத்தாவைக் கண்டிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். வேட்டி எடுப்பதாகச் சாக்கு. கிளினிக் நாள் இல்லை. அவரை எங்கள் கடைக் கதிரையில் உட்காரவைத்துவிட்டு என் காதருகே வந்தாள்.

"மாமா, நீங்களாச்சும் பேசிப் பாருங்க. அந்த வீட்ல இனி என்னய ஏத்துக்குவாங்களான்னே தெரியல."

அவள் போனதும் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். பக்கத்துக் கடையிலிருந்து பிளேன்டீ ஒன்று வரவழைத்து அவர் முன்னால் வைத்தேன். பரிசோதனை. எங்கள் துறையே பரிசோதனைதானே.

"வேணாம் தம்பி."

"ஏன் ஐயா? மஹய்யாவக்காரன் வாங்கிக் குடுத்தா எறங்காதுங்களா?"

அவருடைய முகம் சாம்பல் நிறமாகி நெற்றியில் வேர்வை வந்தது. எழுந்து போய் ஒரு ஷாம்பு போத்தலை எடுத்தார். அவருடைய தலையைப் பற்றி நான் சொல்லவில்லை. எங்கள் கடையின் வெளிச்சத்தில் பாதி அதிலிருந்துதான் வந்தது. போத்தலை வாசித்தார். திருப்பி வைத்து இன்னொன்றை எடுத்தார். கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள்.

இத்தனை வருஷ அனுபவம், இவ்வளவு நேரம் நான் உங்களுக்குச் சொன்ன ஷாம்பு சூத்திரம், எல்லாம் கையில் இருந்தும் நான் அங்கே நின்று, இவர் எவ்வளவு திமிராக வாசிக்கிறார் பார் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கோபமும் ஒரு மருந்து மாதிரிதான். கண் மங்கும்.

கடைசியில் அவர் கவுன்டருக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, அந்தக் கல்லு கட்டுன சாவியத் தருவீங்களா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சாவியை எடுத்தேன். எடைக்கல்லை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு, அலுமாரியில் படாமல் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சத்தமே வரவில்லை. என் சேவைக்காலத்தில் நான் செய்த மிக நுட்பமான கைவேலை அது.

திரும்பி வரும்போது அவர் இன்னும் வயதாகித் தெரிந்தார். கடை காலியாகியிருந்தது. கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எவ்வளவு காலமா ஐயா?"

"குளிசை கூட்டுனதுலருந்து." குடைப் பிடியைத் தடவிக்கொண்டே சொன்னார். "புசல்லாவயிலருந்து பஸ் ஏறுனா கம்பளைக்கு வரமுன்ன ரெண்டு தடவ வயித்தக் கலக்கும். கம்பளயில எறங்கலாம். எறங்குனா பஸ் போயிரும். அதனால கிளினிக்குக்கு நாலு நாளைக்கு முன்னயே குளிசய நிப்பாட்டிருவேன்."

"நிப்பாட்டிட்டு?"

"ரத்தம் பாப்பாங்க, சீனி ஏறியிருக்கும். ஒழுங்கா குடிக்கிறீங்களான்னு டொக்டர் மிஸ் கேப்பாங்க. ஆமான்னு சொல்வேன். இன்னும் கூட்டி எழுதுவாங்க. வீட்டுக்குப் போயி எழுதுன மாதிரியே முழுசா ஆரம்பிப்பேன்."

நிறுத்திய குளிசையை, கூட்டிய அளவில், திடீரென்று முழுசாக ஆரம்பித்தால் வயிறு என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். அது இன்னும் மோசமாகக் கலக்கும். அடுத்த மாதம் அவர் இன்னும் முந்தி நிறுத்துவார். சீனி இன்னும் ஏறும். டொக்டர் இன்னும் கூட்டுவார். எல்லோரும் ஒழுங்காக வேலை செய்து ஒரு மனிதரைக் கக்கூஸ் வாசலில் கட்டிப்போட்டிருந்தோம். நிச்சயதார்த்தத்தன்றும் குளிசை குடித்திருந்தார். திரும்பிப் போகும் பஸ்ஸை நினைத்து வாயில் தண்ணீர்கூட வைக்கவில்லை.

"இத வீட்ல சொல்லியிருக்கலாமே ஐயா."

அவர் குடையை மடியில் கிடத்தினார்.

"மலையில கொழுந்து எடுக்கிற நேரம் ஒரு பொம்பள ஒதுங்கிட்டு வந்தா, எங்க போயிட்டு வர்றன்னு எல்லாருக்கும் முன்னுக்குக் கேப்பேன். தெரிஞ்சுக்கிட்டேதான் கேப்பேன். அங்க கக்கூஸ் ஏது. இப்ப நான் பஸ்ஸுல ஏறுனா அவங்க எல்லாரும் உள்ளுக்கு ஒக்காந்து என்னயப் பாக்குற மாதிரியே இருக்கு தம்பி."

இந்த இடத்தில் நான் வழக்கமாக ஒரு பகிடி விடுவேன். அன்றைக்கு விடவில்லை.

"மணவறையில எல்லாரும் பாத்துக்கிட்டிருக்க, பாதியில எழும்பி ஓடுனா அந்தப் புள்ளைக்கு எவ்வளவு கேவலம்" என்றார். "இது வெளிய போகக் கூடாது. சத்தியம் பண்ணுங்க. அப்புறம், வயித்த நிப்பாட்டுற குளிசை இருக்குமே, அதுல ஒன்னு குடுங்க. கல்யாணத்தன்னைக்கு மட்டும் போட்டுக்குறேன்."

என் கை குளிசைகள் வைக்கிற லாச்சிக்குப் போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன், குளிசை கையிலும் வந்துவிட்டது. கொடுத்தால் கல்யாணம் நடக்கும், சண்முகண்ணன் சிரிப்பார், நானும் பந்தியில் உட்காருவேன். ஆனால் ஒரு குளிசை செய்த குழப்படிக்கு இன்னொரு குளிசையைக் காவலுக்குப் போட்டால், வயதான உடம்பில் அந்தக் காவல்காரனுக்கும் ஒரு காவல் தேவைப்படும். அடுத்த மாதம் அவர் மலச்சிக்கல் என்று வந்து ஷாம்பு வாசிப்பார். சீனி ஏறியபடியே இருக்கும். ஊசி தொடங்கும். அவர் குடிக்காமல் விட்ட குளிசைக்காக அவருக்கு ஊசி.

லாச்சியை மூடினேன்.

"சத்தியம் பண்றேன். வீட்ல சொல்லமாட்டேன், சண்முகண்ணன்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா டொக்டர்கிட்ட சொல்லணும்."

"அவங்ககிட்டத்தான் சொல்லவே ஏலாது. மாசாமாசம் பொய் சொல்லியிருக்கேனே."

"பொய் சொல்லாதவங்கன்னு பாத்தா, கிளினிக் வரிசையில ஒருத்தரும் நிக்கமாட்டாங்க ஐயா. நான் கூட வர்றேன். நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்."

அவர் சரி என்று சொல்லவில்லை. ஆறிப்போன பிளேன்டீயை மட்டும் பார்த்தார். அந்நேரம் சுகந்தி வேட்டிப் பார்சலோடு வந்து, "என்ன மாமா சொன்னாரு?" என்றாள்.

"யோசிக்கிறாராம்" என்றேன்.

சத்தியம் செய்வது லேசு. அதைச் சண்முகண்ணன் இருக்கிற தெருவில் காப்பாற்றுவதுதான் கஷ்டம். அந்தாள் என்ன சொன்னார் என்று அன்று பின்னேரமே கேட்டார். "அண்ணே, அவரு என் கடையில தந்த தேத்தண்ணியயும்தான் குடிக்கல" என்று சமாதானம் சொன்னேன். "நீ மட்டும் எந்த ஊருக்காரன்டா?" என்றார். அதோடு நான் சமாதானம் செய்வதை நிறுத்திக்கொண்டேன். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்த உண்மை என்னுடையதல்ல. கவுன்டரில் நமக்குக் கிடைக்கிற எதுவும் நம்முடையதல்ல. இதை விளங்கிக்கொள்ளும்வரை வெள்ளைக் கோட்டு போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. (இதை எழுதுமுன் கணக்கப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டேன்.)

கிளினிக் நாளில் அவர் கடை வாசலில் வந்து நின்றார். "வாங்க போவோம்" என்று மட்டும் சொன்னார். நான் மொழிபெயர்ப்பாளர் என்ற தோரணையில் கூடப் போனேன். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, கணக்கப்பிள்ளையின் சிங்களம் என்னுடையதைவிட எவ்வளவோ சுத்தம். ஆகவே கதவுக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டுகிற உத்தியோகம் பார்த்தேன். அவர் எழுந்து நின்று, குடையை நேராகப் பிடித்துக்கொண்டு, தான் சொன்னதெல்லாம் பொய் என்று தொடங்கி, பஸ், கம்பளை எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

டொக்டர் இளம்பெண். பேனையை மேசையில் வைத்தார்.

"அப்படியென்றால் இத்தனை மாதமும் நான் உங்களுக்கு மருந்து தரவில்லை, அந்தப் பஸ்ஸுக்குத்தான் தந்திருக்கிறேன்" என்றார் சிங்களத்தில். பிறகு, "போய் வருவது எப்படி என்று நான் ஒருநாளும் கேட்கவில்லையே" என்றார்.

சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரத்தப் பரிசோதனை எழுதினார். அளவைக் குறைத்தார். மெதுவாகக் கரைகிற வகைக்கு மாற்றி, இரவுச் சாப்பாட்டோடு, சின்ன அளவில் ஆரம்பித்து, படிப்படியாகத்தான் கூட்டவேண்டும் என்றார். "கலக்கினால் நிறுத்தாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள்." இன்சுலின் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

சில வாரங்களில் அவருடைய வயிறு அடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை புசல்லாவையிலிருந்து தனியாக பஸ் ஏறி எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

"சம்மந்தி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க தம்பி."

சண்முகண்ணன் 'வாங்க' என்று சொன்னார். அந்த 'வாங்க'வில் உப்பே இல்லை. கணக்கப்பிள்ளை குடையைக் கதவு மூலையில் சாத்தினார். உட்கார்ந்தார்.

"சம்மந்தி, கொஞ்சம் தேத்தண்ணி குடுப்பீங்களா?"

வீடு அப்படியே நின்றது. தேத்தண்ணி வந்தது. குடித்தார். கோப்பையைக் காலியாக்கிவிட்டு இன்னொன்று கேட்டார். அதையும் குடித்துவிட்டு, யாரும் கேட்காமலே, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். குளிசை, பஸ், மணவறையில் எழும்பி ஓடுவோமோ என்ற பயம். மலையில் கொழுந்தெடுத்த பெண்களைப் பற்றியும் சொன்னார்.

சண்முகண்ணன் காலிக் கோப்பையைத் தன் கையாலேயே எடுத்துத் தள்ளி வைத்தார்.

"எங்கப்பா இந்த ஊரு பூரா அடுத்தவங்க கக்கூசத்தான் பாத்தாரு" என்றார். "எங்க வீட்ல அத வாய் விட்டுச் சொல்ல வெக்கப்படுறவங்க ஒருத்தரும் இல்ல. அன்னைக்கே கேட்டிருந்தீங்கன்னா பின்னுக்குக் கூட்டிட்டுப் போயி வெளக்கப் போட்டுக் குடுத்திருப்பேன். இப்ப வேணுங்களா?"

"இப்ப வேணாம்ங்க" என்றார் கணக்கப்பிள்ளை. "ஆனா எங்க இருக்குன்னு காட்டி வைங்க."

இருவரும் எழுந்து பின்பக்கம் போனார்கள். திரும்பி வரும்போது பந்திக்கு எத்தனை மரக்கறி என்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

கல்யாணம் அம்பிட்டியவில், மேட்டுப் பக்கம் ஒரு மண்டபத்தில். நான் காலையிலேயே போய், காவல்காரரிடம் பேசி, மணவறைக்குப் பின்னால் இருந்த கக்கூஸின் சாவியைத் தனியாக வாங்கி, கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தேன். அதில் எந்தக் கல்லும் கட்டியிருக்கவில்லை. தேவைப்படாது என்றார். ஆனாலும் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். சாவி இருக்கிறது என்ற நினைப்பே பாதி மருந்து.

அந்த வாரம் எனக்குப் பல்வலி. பல் டொக்டர் அன்டிபயோட்டிக் தந்திருந்தார். கல்யாணச் சாப்பாட்டுக்கு இடம் விடவேண்டுமென்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல், குளிசையை மட்டும் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு வந்திருந்தேன். ஆம், நான்தான். "சாப்பாட்டுக்குப் பிறகு" என்ற அதே மனிதன்.

தாரை வார்த்து முடியும்வரை ஒன்றுமில்லை. கணக்கப்பிள்ளை மணவறையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கெட்டிமேளத்துக்கு ஆட்களை ஆயத்தப்படுத்துகிற நேரம், என் வயிற்றுக்குள் வேறொரு மேளம் தொடங்கியது. சாவி இருந்த இடமோ மணவறை. மண்டபம் நிறையச் சனம். நான் எழுந்து போய், மேடை ஓரமாகத் தொங்கிய தீயணைக்கும் கருவிக்கு முன்னால் நின்று, அதை எப்படி இயக்குவது என்று எழுதியிருந்ததை வாசிக்கத் தொடங்கினேன். முதலில் சிங்களத்தில் வாசித்தேன். பிறகு தமிழில் வாசித்தேன். ஆங்கிலத்துக்குப் போகும்போது நெற்றி வேர்த்தது.

கணக்கப்பிள்ளை மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். ஆளைப் பார்த்தே கண்டுபிடித்துப் பழகிய கண்கள். அட்சதைத் தட்டை எடுத்து, ஏதோ எனக்கு அட்சதை தருவது போல மேடை ஓரத்துக்கு வந்து குனிந்தார். தட்டுக்கு அடியில், என் உள்ளங்கைக்குள், சத்தமில்லாமல் சாவி வந்து விழுந்தது.

"தம்பி," என்றார் மெதுவாக, "மருந்து ஏதாச்சும் குடிக்கிறீங்களா?"

இந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய விதம் இதுதான். பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, சாவியை முதலில் கொடுத்துவிட்டு.

கல்யாண அல்பத்தில் தாலி கட்டுகிற படம் பெரிதாக, அழகாக வந்திருக்கிறது. கணக்கப்பிள்ளை இருக்கிறார், சண்முகண்ணன் இருக்கிறார், எங்கள் தெருவே இருக்கிறது. என்னைத் தேடாதீர்கள்.